அடுக்களை எந்தப் பக்கம்?

வாஷிங்டன் நகரைச் சுற்றிக் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கென்று ஒரு நடைமுறை உண்டு. ஊரிலிருந்து யார் வந்து இறங்கினாலும் முதல் சனிக்கிழமை வெள்ளை மாளிகை வேலிக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுக்க வேண்டும். அடுத்த வாரம் லேன்ஹம் சிவா விஷ்ணு கோவில். அதற்கும் அடுத்த வாரம் ஜார்ஜ் வாஷிங்டன் வாழ்ந்த மவுண்ட் வெர்னான். வர்ஜீனியாவுக்கு வந்த பதினோரு வருடத்தில் அந்த வீட்டுக்கு ஒன்பது தடவை போய்விட்டேன். எங்கள் ஊர் மாரியம்மன் கோவிலுக்குக்கூட இந்தக் கணக்கில் போனதில்லை.

ஒன்பதாவது தடவை மாமாவும் அத்தையும் கூட வந்தார்கள். மாமா ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். அமெரிக்கா என்றால் அவருக்குச் சுதந்திரப் பிரகடனம் வந்த 1776, அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் பின்குறிப்பு. அத்தைக்கு ஆண்டுக் கணக்கெல்லாம் கிடையாது. யார் வீட்டுக்குப் போனாலும் கூடத்தில் உட்காராமல் நேரே அடுக்களைக்குப் போய் நிற்பவர் அவர். ஒரு வீட்டின் யோக்கியதை அங்கேதான் தெரியும் என்பார்.

வரிசையில் நிற்கும்போது மாமா சுவரை விரலால் தட்டிப் பார்த்தார். தூரத்திலிருந்து பார்த்தால் வெட்டி அடுக்கிய கல் மாதிரி இருக்கும் சுவர் அது. தட்டினால் ‘டொக்’ என்றது.

“என்னம்மா, பலகையா?”

பலகைதான். பைன் மரப் பலகையைக் கல் கல்லாகத் தெரியும்படி செதுக்கி, பெயின்ட் காய்வதற்குள் அதன்மேல் மணலை வீசி ஒட்டவைத்திருக்கிறார்கள். வாஷிங்டனே விரும்பிச் செய்த வேலை. எட்டுத் தடவை போயும் நான் ஒருமுறைகூடத் தட்டிப் பார்த்ததில்லை.

உள்ளே நடுக் கூடத்தில் பாஸ்டில் சிறையின் சாவி தொங்குகிறது. பிரெஞ்சுப் புரட்சியில் அந்தச் சிறை விழுந்ததும், அமெரிக்க விடுதலைப் போரில் வாஷிங்டனின் கீழ் சண்டையிட்ட பிரெஞ்சுக்காரர் லஃபாயெட், தன் பழைய தளபதிக்கு அன்பளிப்பாக அனுப்பிவைத்த சாவி. மாமா அதன் முன்னால் கொஞ்ச நேரம் கைகட்டி நின்றார். அந்தப் பக்தியைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது. மூன்றாம் ஜார்ஜ் மன்னரைத் தோற்கடித்த ஒரு மனிதர், படை கையில் இருந்தும் தானே மன்னராகாமல், பதவியைத் துறந்து இந்த ஆற்றங்கரை வீட்டுக்குத் திரும்பி வந்தார். முப்பது வருடம் அதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டியவருக்கு அந்தச் சாவி வெறும் இரும்பில்லை.

அத்தை வழிகாட்டிப் பெண்ணிடம் என் மூலமாக ஒரே கேள்விதான் கேட்டார். “அடுக்களை எந்தப் பக்கம்?”

அடுக்களை வீட்டுக்குள் இல்லை. தீக்கும் சூட்டுக்கும் பயந்து தனிக் கட்டடமாக வெளியே வைத்திருக்கிறார்கள். அங்கே போனதும் அடுத்த கேள்வி வந்தது. இங்கே சமைத்தவர்கள் எங்கே படுத்தார்கள்? அப்புறம், அவர்களுக்குப் படி எவ்வளவு?

1799-ல், வாஷிங்டன் இறந்த வருடம், அந்தப் பண்ணைகளில் 317 பேர் அடிமைகளாக இருந்தார்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு குவார்ட் மக்காச்சோள மாவும் கொஞ்சம் உப்பு மீனும். குவார்ட் என்பதை நான் நம் படிக்கு மாற்றிச் சொன்னேன், அரைப்படிக்குக் கொஞ்சம் கூட வரும் என்று. அத்தை ஒன்றும் சொல்லவில்லை. அவர் பிறந்தது தஞ்சாவூர்ப் பக்கம், நூறு ஏக்கருக்கு மேல் வைத்திருந்த வீட்டில். பண்ணையாட்களுக்கு மரக்கால் வைத்து நெல் அளப்பதைப் பார்த்து வளர்ந்தவர். அவர் மனதில் ஓடிய கணக்கு என்னவென்று எனக்கு அப்போது தெரியவில்லை.

இந்த வீடு இன்றைக்கு நிற்பதற்குக் காரணம் பெண்கள். வாஷிங்டனின் வாரிசுகளால் பராமரிக்க முடியாமல் போய், தூண்களுக்குப் பதில் கப்பல் பாய்மரங்களை முட்டுக்கொடுத்திருந்தார்கள். வர்ஜீனிய மாநிலமும் மத்திய அரசும் வாங்க மறுத்துவிட்டன. தென் கரோலினாவைச் சேர்ந்த ஆன் பமீலா கன்னிங்ஹம் என்ற, உடல்நலம் குன்றிய ஒரு பெண்மணி 1853-ல் சங்கம் ஆரம்பித்து, ஊர் ஊராகச் சந்தா வசூலித்து, 1858-ல் 2 லட்சம் டாலருக்குப் பேசி முடித்தார். இன்றுவரை அந்தச் சங்கத்தின் கையில்தான் வீடு இருக்கிறது. விற்ற வாரிசும் வாஷிங்டன் குடும்பத்தவரே. வீட்டையும் கல்லறையையும் கொடுத்தவர் தன் அடிமைகளைக் கொடுக்கவில்லை, வைத்துக்கொண்டார்.

அதே சங்கம் 1929-ல் அடிமைகள் புதைக்கப்பட்ட காட்டோரத்தில் ஒரு கல் பதித்தது. வாஷிங்டன் குடும்பத்தின் விசுவாசமான கறுப்பினப் பணியாளர்களின் நினைவாக என்று அதில் இருக்கும். பணியாளர்களாம். பக்கத்திலேயே 1983-ல் ஹோவர்ட் பல்கலைக்கழக மாணவர்கள் வடிவமைத்த இன்னொரு நினைவுச்சின்னம். அதில்தான் ‘அடிமை’ என்ற சொல் வருகிறது. இரண்டு கல்லுக்கும் நடுவே சில அடி தூரம், 54 வருடம்.

அங்கே நின்றுதான் மாமாவுக்கும் என் மகளுக்கும் சண்டை வந்தது. அவள் எட்டாம் வகுப்பு. ஓனா ஜட்ஜ் பற்றிப் பள்ளியில் படித்திருக்கிறாள். மார்த்தா வாஷிங்டனின் பணிப்பெண்ணாக இருந்து, 1796-ல் அன்றைய தலைநகர் ஃபிலடெல்ஃபியாவில் எசமானர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் வெளியே நடந்து போய்க் கப்பலேறிவிட்ட பெண். அதிபராக இருந்த வாஷிங்டன் அவளைத் திரும்பப் பிடித்துவர ஆள் மேல் ஆள் விட்டார். கிடைக்கவில்லை.

“அந்தக் காலத்துல அதுதானேம்மா வழக்கம். கடைசியில உயில்ல எழுதி விடுதலை பண்ணிட்டாரே, அதைச் சொல்லு” என்றார் மாமா.

உயில் உண்மைதான். தனக்கு உரிமையான 123 பேரை, மார்த்தாவின் காலத்துக்குப் பிறகு விடுவிக்கச் சொல்லி எழுதினார். அமெரிக்காவை நிறுவிய பெரிய தலைவர்களில் அந்த அளவுக்குப் போனவர்கள் அதிகமில்லை. ஆனால் அந்த ஏற்பாட்டை ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்க வேண்டும். வயதான ஒரு விதவை, தான் எப்போது சாவோம் என்று காத்திருக்கும் 123 பேர் சமைத்துப் போடுவதைச் சாப்பிட்டுக்கொண்டு அந்த வீட்டில் இருக்கிறார். உயிருக்குப் பாதுகாப்பில்லை என்று மார்த்தா அஞ்சியதாக, அவரைப் பார்த்துவிட்டு வந்த, அப்போதைய அதிபரின் மனைவி அபிகெயில் ஆடம்ஸ் எழுதியிருக்கிறார். 1801 ஜனவரி 1-ம் தேதி மார்த்தா அவர்களை விட்டுவிட்டார். அவருடைய முதல் கணவர் வழிச் சொத்தான 153 பேருக்கு அந்த உயில் செல்லாது. இரண்டு கூட்டத்துக்கும் இடையே கல்யாணமாகிப் பிள்ளைகள் இருந்தார்கள். புருஷனுக்கு விடுதலை, பெண்டாட்டிக்கு இல்லை.

இதையெல்லாம் மாமாவிடம் சொன்னேன். அவர் காதில் வாங்கிக்கொண்டார், ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொள்ள வேண்டும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து மான்டிசெல்லோ போனோம். சார்லட்ஸ்வில் பக்கம், மலை உச்சியில் தாமஸ் ஜெஃபர்சன் கட்டிய வீடு. அமெரிக்க ஐந்து சென்ட் காசின் ஒரு பக்கம் அவர் முகம், மறுபக்கம் இந்த வீடு. எனக்கு ஜெஃபர்சனோடு தனிப்பட்ட ஒரு பழக்கம் உண்டு. குடியுரிமைத் தேர்வுக்கு நூறு கேள்விகளை மனப்பாடம் செய்தபோது 62-வது கேள்வி அவர்: சுதந்திரப் பிரகடனத்தை எழுதியது யார்? 60-வது கேள்வி: அமெரிக்காவுக்குக் கொண்டுவந்து அடிமைகளாக விற்கப்பட்டவர்கள் யார்? நடுவில் ஒரே ஒரு கேள்வி. பாத்திரம் தேய்த்துக்கொண்டே இரண்டு பதிலையும் சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஒன்றுக்கும் மற்றதுக்கும் தொடர்பிருப்பதாகத் தேர்வில் யாரும் கேட்கவில்லை.

வீடு அழகு. அதில் சந்தேகமில்லை. முன்கூடத்தில் ஒரு பெரிய கடிகாரம். அதன் எடைக்குண்டுகள் சுவரோரமாக இறங்கும்போது கிழமையைக் காட்டும். கூடத்தின் உயரம் போதாமல் தரையில் துளை போட்டுவிட்டார், அதனால் சனிக்கிழமை கீழே நிலவறையில் இருக்கிறது. மாமா இதைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

சாப்பாட்டு அறையில் கணப்பு அடுப்பின் இரண்டு பக்கமும் சிறிய கதவுகள். திறந்தால் உள்ளே கிணற்று வாளி போல ஒரு சின்ன லிஃப்ட். கீழே நிலவறையில் இருக்கும் ஆள் மது பாட்டிலை வைத்துவிட்டால் மேலே ஏறி வரும். சுவரில் ஒரு சுழல் கதவு. அதன் பின்பக்கம் தட்டு தட்டாக அலமாரி. உணவை அடுக்கித் திருப்பிவிட்டால் பாத்திரங்கள் அறைக்குள் வரும், கொண்டுவந்த ஆள் வெளியிலேயே நின்றுவிடுவார். விருந்தினரோடு பேசும்போது பரிமாறுகிறவர்களின் காது அங்கே இருக்கக் கூடாது என்பது ஜெஃபர்சனின் எண்ணம். பேச்சோ பெரும்பாலும் விடுதலையைப் பற்றித்தான் இருந்திருக்கும்.

அத்தை அந்தக் கதவை அவசரமில்லாமல் பார்த்தார். “எங்க வீட்ல கொல்லை வாசல்தான். இதுக்கு இவ்ளோ மெனக்கெட்டிருக்காரு” என்றார். அது பாராட்டா என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை.

அடுக்களை, பால் அறை, சமையல்காரர்கள் தங்கிய அறைகள் எல்லாம் மலைச் சரிவில் தளத்துக்கு அடியில் பதுங்கியிருக்கின்றன. மேலே புல்வெளியில் நின்றால் எதுவும் கண்ணில் படாது. மவுண்ட் வெர்னான் போன்ற வீடுகளில் வேலைக் கட்டடங்கள் வெளிப்படையாக வரிசைகட்டி நிற்கும். இவர் அவற்றை மண்ணுக்குள் தள்ளிவிட்டார். தன் வாழ்நாளில் 607 மனிதர்களைச் சொத்தாக வைத்திருந்தவர், அவர்களில் ஒருவர்கூடக் காட்சியில் குறுக்கிடாதபடி வீட்டைக் கட்டியிருக்கிறார். இதை மூளைக்காரர் செய்த கட்டடக்கலை விளையாட்டு என்று ஒதுக்க என்னால் முடியவில்லை. வெட்கம் இல்லாதவர் இப்படி மறைக்க மாட்டார்.

எங்கள் குழுவில் தொப்பி போட்ட ஒரு பெரியவர் வழிகாட்டியிடம் கேட்டார், சத்தம் உயர்த்தாமல்தான்: ஜெஃபர்சனைப் பற்றிக் கேட்க வந்தோம், ஏன் அடிமைகளைப் பற்றியே சொல்கிறீர்கள்? வழிகாட்டியும் சத்தம் உயர்த்தவில்லை. இந்த மலையில் வாழ்ந்தவர்களைப் பற்றிச் சொல்கிறேன், அவர்களில் பெரும்பாலோர் அடிமைகள்தான் என்றார். மாமா பெரியவர் பக்கம் பார்த்துத் தலையாட்டினார். என் மகள் வழிகாட்டி பக்கம். நான் வழக்கம்போல அலைபேசியில் எதையோ தேடினேன்.

அடுத்து சாலி ஹெமிங்ஸின் அறை. ஜெஃபர்சனின் மறைந்த மனைவிக்கு ஒரே அப்பா, வேறு அம்மா வழியில் தங்கை, ஆனால் அடிமை. 1787-ல், பதினான்கு வயதில், ஜெஃபர்சனின் மகளுக்குத் துணையாகப் பாரிஸுக்கு அனுப்பப்பட்டாள். பிரான்ஸில் இருந்துவிட்டால் விடுதலை கேட்டிருக்கலாம். பிறக்கப்போகும் குழந்தைகளை 21 வயதில் விடுவிக்க வேண்டும் என்று வாக்கு வாங்கிக்கொண்டு திரும்பி வந்ததாக அவள் மகன் மேடிசன் ஹெமிங்ஸ் பின்னாளில் சொன்னார். அந்தக் குழந்தைகளுக்கு அப்பா ஜெஃபர்சன்தான் என்பதை ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் வதந்தி என்றார்கள். 1998-ல் மரபணுப் பரிசோதனை, 2000-ல் வீட்டை நிர்வகிக்கும் அறக்கட்டளையின் அறிக்கை, 2018-ல் இந்த அறை பார்வைக்குத் திறப்பு. இன்னமும் ஏற்காதவர்கள் இருக்கிறார்கள். ஆனால் வீடு ஏற்றுக்கொண்டுவிட்டது.

1826 ஜூலை 4-ம் தேதி, பிரகடனத்தின் ஐம்பதாம் ஆண்டு நிறைவு நாளில், லட்சம் டாலருக்கு மேல் கடனோடு ஜெஃபர்சன் இறந்தார். உயிலில் ஐந்து பேருக்கு விடுதலை. கொல்லர் ஜோ ஃபாசெட் அதில் ஒருவர். அவர் மனைவி ஈடித் அந்த வீட்டின் தலைமைச் சமையல்காரி. 1827 ஜனவரியில் புல்வெளியில் ஏலம் நடந்தது. ஈடித்தும் பிள்ளைகளும் ஏலத்துக்கு வந்தார்கள். ஜோ பக்கத்தில் நின்று பார்த்திருக்க வேண்டும். அடுத்த பல வருடங்கள் உலைக்களத்தில் சம்பாதித்துக் குடும்பத்தை ஒவ்வொருவராக மீட்கப் பார்த்தார். பதினோரு வயதில் விற்கப்பட்ட மகன் பீட்டர் பிறகு சின்சினாட்டியில் பெரிய சமையல் காண்ட்ராக்டராகவும் பாதிரியாராகவும் ஆனார். 1900-ல், வயதான காலத்தில், மான்டிசெல்லோவை ஒருமுறை பார்க்க வந்தார்.

அப்போது அந்த வீடு லெவி என்ற யூதக் குடும்பத்திடம் இருந்தது. அது தனிக் கதை. யூரையா லெவி கடற்படை அதிகாரி. மத சுதந்திரத்துக்குச் சட்டம் எழுதியவர் என்பதற்காகவே ஜெஃபர்சனைக் கொண்டாடியவர், பாழாகிக்கொண்டிருந்த வீட்டை 1834-ல் வாங்கிக் காப்பாற்றினார். சிறுபான்மை மதத்துக்காரருக்கு ஜெஃபர்சன் கொடுத்தது உண்மையான விடுதலை. அதே சட்டம் இல்லையென்றால் நான் லேன்ஹம் கோவிலில் புளியோதரை வாங்கிக்கொண்டிருக்க மாட்டேன். ஜெஃபர்சனை முழுக்க வெறுக்க முடியாமல் நான் சிக்கிக்கொள்வது இங்கேதான்.

மான்ட்பிலியருக்கு நானும் மகளும் மட்டும் போனோம். பின்னாளில் நான்காவது அதிபரான ஜேம்ஸ் மேடிசன் வீடு. மாடியில் இருக்கும் நூலக அறையில் உட்கார்ந்துதான் உலகத்துக் குடியரசுகள் ஏன் விழுந்தன என்று படித்துப் படித்து அரசியலமைப்புக்கு வித்திட்டார். 1787-ல் எழுதிய அந்தச் சட்டத்தில் அடிமைகள் உண்டு, ‘அடிமை’ என்ற சொல் கிடையாது. ‘மற்ற நபர்கள்’ என்று எழுதி, பிரதிநிதிகள் சபை இடங்களுக்கான தலைக்கணக்கில் அவர்களை ஐந்தில் மூன்று பங்காகக் கணக்கிட்டார்கள். மனிதர் மேல் சொத்துரிமை உண்டு என்பதைச் சட்டத்தில் ஒப்புக்கொள்வது தவறு என்று மேடிசனே மாநாட்டில் பேசியிருக்கிறார். படித்ததும் எனக்கு அந்தச் சுழல் கதவு ஞாபகம் வந்தது. உணவு உள்ளே வரும், ஆள் வரமாட்டார். மேடிசன் உயிலில் யாரையும் விடுவிக்கவில்லை.

இந்த வீட்டில் சண்டை வேறு மாதிரி நடந்தது. அங்கே அடிமைகளாக இருந்தவர்களின் சந்ததியினருக்கு நிர்வாகக் குழுவில் சரிபாதி இடம் என்று 2021-ல் ஒப்புக்கொண்டார்கள். 2022 மார்ச்சில் அதே குழு பின்வாங்கியது. எதிர்த்துப் பேசிய ஊழியர்களுக்கு வேலை போனது. நாடு முழுக்கச் சத்தம் எழுந்த பிறகு மே மாதம் சந்ததியினர் தரப்பிலிருந்து பதினோரு பேரைச் சேர்த்துக்கொண்டார்கள். காட்சிப் பலகையில் என்ன எழுதுவது என்பதோடு இந்தச் சண்டை நிற்கவில்லை, சாவி யார் இடுப்பில் இருக்க வேண்டும் என்று போனது. மூன்று வீடுகளில் எனக்கு இதுவே நேர்மையானதாகப் பட்டது. அரசாங்கம் கையில் வைத்திருக்கும் இடங்களில் கதை ஆட்சிக்கு ஆட்சி மாறக்கூடியது. அமெரிக்கர்களைச் சிறுமைப்படுத்தும் விவரங்கள் அரசு நினைவிடங்களில் இருக்கக் கூடாது என்று 2025 மார்ச்சில் வந்த அதிபர் ஆணைக்குப் பிறகு, ஃபிலடெல்ஃபியாவில் வாஷிங்டன் அதிபராக வாழ்ந்த வீட்டின் மனையில் ஒன்பது அடிமைகளைப் பற்றி வைத்திருந்த பலகைகளும் மறுஆய்வுக்கு ஆளாயின.

அந்த ஃபிலடெல்ஃபியா வீட்டில் ஒரு தந்திரம் நடந்தது. பென்சில்வேனியச் சட்டப்படி ஆறு மாதம் தொடர்ந்து அங்கே தங்கிவிட்டால் அடிமை விடுதலை கேட்கலாம். அதனால் கெடு நெருங்கும்போது அவர்களை வெளியூர் அனுப்பித் திரும்ப அழைத்துக்கொள்ள வாஷிங்டன் ஏற்பாடு செய்தார். அவர்களுக்கும் வெளியாருக்கும் தெரியாதபடி ஏதாவது சாக்குச் சொல்லிச் செய்யச் சொல்லித் தன் செயலாளருக்குக் கடிதமே இருக்கிறது.

‘அந்தக் கால வழக்கம்’ என்ற மாமாவின் வாதத்துக்கு எனக்குப் பிடித்த பதில் ஒரு வீடு, ஆனால் அதைக் காட்ட முடியாது. வாஷிங்டன் காலத்து வர்ஜீனியாவில் ராபர்ட் கார்ட்டர் என்றொரு பெரும் பணக்காரர் இருந்தார். நாமினி ஹால் அவர் மாளிகை. 1791-ல், வாஷிங்டன் அதிபராக இருக்கும்போதே, ஒரு பத்திரம் எழுதித் தன்னிடம் இருந்த ஏறக்குறைய ஐந்நூறு பேரைப் படிப்படியாக விடுவித்தார். அக்கம்பக்கத்துப் பண்ணையாருக்கெல்லாம் அவர்மேல் ஆத்திரம். கடைசியில் ஊரையே விட்டுப் போய்விட்டார். ஆக, வழக்கத்தை மீற முடியும் என்று அதே வர்ஜீனியாவிலேயே ஒருவர் செய்துகாட்டியிருந்தார். நாமினி ஹால் 1850-ல் எரிந்துபோனது. டிக்கெட் வாங்கிப் பார்க்க அங்கே ஒன்றுமில்லை. காசிலும் அவர் முகம் கிடையாது.

மாமாவிடம் இதைச் சொன்னபோது கொஞ்சம் யோசித்தார். “பாடப் புத்தகத்துல இல்லையே” என்றார்.

அவர்கள் ஊருக்குக் கிளம்பும் முந்தின ஞாயிற்றுக்கிழமை, அத்தை தன் தம்பிக்கு வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டிருந்தார். மான்டிசெல்லோவில் ஜெஃபர்சனின் பண்ணைக் கணக்குப் புத்தகத்தைப் பற்றிச் சொல்லியிருந்தார்கள். யாருக்கு எத்தனை கம்பளி, எத்தனை மீன், யாருக்கு எப்போது குழந்தை பிறந்தது என்று பெயர் போட்டுத் தன் கையாலேயே எழுதிவைத்திருக்கிறார். 607 என்று தலையெண்ணிச் சொல்ல முடிவதும், இன்றைக்கு வாரிசுகள் தங்கள் பாட்டன் பூட்டனைத் தேடிப் பிடிப்பதும் இந்த மாதிரி ஏடுகளை வைத்துத்தான். அங்கே போய்வந்த நாளிலிருந்து அத்தை அந்தப் புத்தகத்தையே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார் போல.

“அப்பா நெல்லுக் கணக்கு எழுதின சிவப்பு அட்டை நோட்டெல்லாம் பரண்ல இருந்துச்சே, இருக்காடா?”

அந்தப் பக்கம் சத்தம் நன்றாகக் கேட்டது. “அதெல்லாம் செல்லரிச்சுப் போச்சுக்கா. ரெண்டு வருஷம் முன்னாடி போகிக்குப் போட்டுக் கொளுத்திட்டேன். எதுக்கு இப்ப?”

“ஒண்ணுமில்ல.”

போனை வைத்தார். வாய்க்காங்கரைத் தெருவிலிருந்து வரும் ஒரு அம்மா, அத்தைக்குச் சின்ன வயதில் அம்மை போட்டிருந்தபோது பதினைந்து நாள் கொல்லைத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து வேப்பிலை வீசியவராம். அவரைப் பேர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. அவர் புருஷன் பேரும் அத்தைக்குத் தெரியாது.

“அதுல இருந்துச்சு பேரெல்லாம்” என்று சொல்லிவிட்டு, மறுநாள் தோசைக்கு அரிசி ஊறவைக்க எழுந்து போனார்.